தலை தீபாவளிக்கு ஒரு ரூம்

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஒட்டுக் கேக்கற பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. பக்கத்துல உக்காந்துட்டு போன்ல பேசுனா காதுல உழுகாம எங்க போகும்? கோவாவுக்குத்தான போறீங்க? ஆத்துல கப்பல நிறுத்தி வச்சு சூது ஆடறாங்களே, அந்த எடத்துக்கு? ரூம் இன்னும் போடலையேன்னு உங்க சேக்காளி கேக்கறாரு, போய்ப் பாத்துக்கலாம் உடுறான்னு நீங்க சொல்றீங்க. அதக் கேட்டப்பறம் என்னால சும்மா உக்காந்து வர முடியலைங்க.

போய்ப் பாத்துக்கலாம். இதே வார்த்தைய நானும் சொன்னனுங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி, இதே தீபாவளிக்கு. சம்சாரம், மகள், புது மாப்ள எல்லாத்தையும் கூட்டிட்டுப் போனேன். தலை தீபாவளி கொண்டாட. சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. எங்க ஊர்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. பஸ்சு இன்னும் பெருந்துறையே வரலை, கோயமுத்தூர் போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. ஈரோட்டுல மஞ்சள் மண்டியில தரகு, முப்பது வருசமா. வெல பேசறதுல என்னைய அடிக்க மண்டியில ஆள் கெடையாது. பெருமைக்குச் சொல்லலைங்க. நான் கெட்டது அதுலதாங்கறதுக்காகச் சொல்றேன்.

ஒரே மகள், கோகிலவாணின்னு பேரு. அந்த வருசம் ஆவணியில கல்யாணம். மாப்ள பேரு நவநீதன், கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு பண்ற கம்பெனியில இஞ்சினியரு. நெம்ப அமைதி. நாம பத்து வார்த்தை பேசுனா அவரு ஒண்ணு பேசுவாரு, அதுவும் "சரிங்க மாமா"ன்னு இருக்கும். அப்பேர்ப்பட்டவரு மனசுல என்ன இருக்குதுன்னு நாமதான கண்டுபுடிக்கோணும்? மறுவிருந்துக்கு வந்திருந்தப்ப டிவியில கோவாவக் காட்டுனான். ஆத்துல கப்பலு மினுக்கு மினுக்குன்னு நிக்குது. மாப்ள பாத்துட்டு, "நல்லா இருக்குதுங்கல்ல மாமா"ன்னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குப் பொறி தட்டிருச்சு. மாப்ளைக்கு ஆசை இருக்குது, வாய் உட்டுக் கேக்கக் கூச்சப்படறாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். தலை தீபாவளிக்கு ஒவ்வொரு மாமனும் மோதரம் போடுவான், வாட்ச்சு கட்டுவான். நான் கப்பலையே காட்டிர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

எனக்கு அந்தக் கப்பலு முன்னமே பழக்கம். பழக்கம்னா தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்கு ரெண்டு வருசம் முந்தி மண்டிக்காரங்க எட்டுப் பேரு சேந்து ஒருக்கா போயிருந்தோம். சூதாட்டம் எனக்கு ஆகவே ஆகாதுங்க. சும்மா பாக்கப் போனதுதான். பாக்கப் போன எடத்துல ஒரு ஓரமா ஒரு காயின வச்சேன், அது ஜெயிச்சிருச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? சம்பூர்ணத்துக்கு, அதான் என்ற சம்சாரத்துக்கு, அந்தக் காசுலதான் வாசிங் மிஷின் வாங்கிக் குடுத்தேன். அதுக்கப்பறம் ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகலைங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ நெனைச்சுக்குவேன், அவ்வளவுதான்.

அப்ப போனது ஆடி மாசமுங்க. ஸ்டேசன்ல எறங்குனதும் ரூம் வேணுமா ரூம் வேணுமான்னு கையப் புடிச்சு இழுக்கறானுக. சொன்னதுல பாதிக்குக் கேட்டேன், சரின்னான். கால் வாசிக்குக் கேட்டிருக்கலாம்னு தோணுச்சு. அப்ப மழைக்காலம், அந்த ஊருக்கு ஒரு காக்கா கூட வராதுன்னு எனக்கு யாரு சொன்னா? என்ற வாய் சாமர்த்தியத்துலதான் கெடைச்சுதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அதனால கோகிலா, "அப்பா, போன்லயே ரூம் போட்டுரலாமுங்களா"ன்னு கேட்டப்ப, வேண்டாம் அம்மிணி, போன்ல போட்டா பேரம் பேச முடியாதுன்னுட்டேன். தீபாவளியன்னிக்கு எவனாவது ஊட்ட உட்டு வெளியூரு போவானா? வெளியூர்ல இருக்கறவனே மூட்டையக் கட்டிட்டு ஊட்டுக்குத்தான வருவான்? அங்க லாட்ஜெல்லாம் ஈ ஓட்டிட்டு இருக்கும், நாம போனா மாலை போட்டுக் கூப்புடுவான்னு சொன்னேன். நீங்களே சொல்லுங்க தம்பி, இதுல ஏதாவது தப்பு இருக்குதா? நம்மூரு ஆளுக யாரு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க.

சம்பூர்ணம் மூணு நாள் சோறு போட்டா, பேசலை. நாலாவது நாள் பேசுனா. தலை தீபாவளிக்கு மாப்ள நம்ம ஊட்டு வாசப்படிய மிதிக்கோணும், நீங்க என்னடான்னா எங்கயோ ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறீங்கன்னா. மாப்ள ஆசைப்படறாரு புள்ளன்னேன். அதுல அடங்கிட்டா. மாப்ள பேரச் சொன்னா எங்கூட்டுல எல்லாமே நடக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னா.

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுல நாளைக்கு ஒரு சொல்லு வரப்படாது. தீபாவளியன்னிக்கு விடியறதுக்குள்ள மாப்ள தலையில நான் எண்ணெய் வைக்கோணும். அதுக்குக் கதவு இருக்கற ஒரு ரூமும் சுடுதண்ணியும் வேணும். அது ரெண்டும் உங்க பொறுப்பு."

என்ற பொறுப்புன்னு சொல்லிட்டேன். எண்ணெ பாட்டில், சீயக்காப் பொடி, வெத்தல, மொளகு, புது வேட்டி, புதுச் சீல, லேகியம், ரெண்டு டின்னு முறுக்குன்னு ஒரு ஊட்டையே பையில கட்டிட்டா. தீபாவளிக்கு மொத நாள் வெடிய மடகாவ் ஸ்டேசன்ல ரயில உட்டு எறங்கி, பஸ்சப் புடிச்சு, கப்பலு நிக்கற பணஜிக்குப் போனோம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பகல். பொழுது சாயறதுக்குள்ள ரூம் வேணும்.

ஸ்டேசன்ல எவனும் கையப் புடிக்கலைங்க. அப்பவே புரிஞ்சிருக்கோணும்.

மொத லாட்ஜுக்குப் போனோம். மேனேஜரு கண்ணாடியத் தூக்கிப் பாத்தாரு. கோகிலாவுக்கு ஹிந்தி கொஞ்சம் வரும், அவ கேட்டா. யாரோ வரலையாம், ஒரே ஒரு ரூம் இருக்குதாம், பதினாலாம் நம்பரு. பெரிய ரூமு, நாலு பேரும் படுத்துக்கலாம், சுடுதண்ணி வரும். வெலயச் சொன்னாரு. நான் சிரிச்சனுங்க. மண்டியில மொதல்ல சிரிக்கோணும், அது ஒரு மொறை. அப்பறம் மூணுல ஒரு பங்குக்குக் கேட்டேன். அவரு சிரிக்கலை. மாப்ள மெதுவா கிட்ட வந்து, "மாமா, எடுத்துக்கலாமுங்க, நான் குடுத்தர்றேன்"னாரு.

தலை தீபாவளிக்கு வந்த மாப்ள ரூம் வாடகை குடுக்கறதா? அந்த அவமானம் எனக்குத் தேவையா? கம்முனு நில்லுங்க மாப்ள, வேடிக்கை மட்டும் பாருங்கன்னேன்.

எங்க மண்டியில ஒரு பழக்கம் இருக்குதுங்க. வெல படியலைன்னா எந்திரிச்சு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு நடக்கோணும். திரும்பி மட்டும் பாக்கப்படாது. திரும்பிப் பாத்தா நமக்கு அவசரம்னு தெரிஞ்சுரும். பத்தடி போறதுக்குள்ள கூப்புடுவான். முப்பது வருசத்துல கூப்புடாதவன் ஒருத்தன் கெடையாது. நான் துண்ட ஒதறினேன், நடந்தேன். எனக்குப் பின்னால சம்பூர்ணம் ரெண்டு பையோட, அவளுக்குப் பின்னால கோகிலா முறுக்கு டின்னோட, கடைசியா மாப்ள பெட்டிய உருட்டிட்டு. பத்தடி ஆச்சு. இருவதடி ஆச்சு. தெரு முக்கே வந்திருச்சு. நான் திரும்ப முடியாது, மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? மாப்ளதான் திரும்பிப் பாத்துட்டு, "மாமா, கூப்புடறாப்ல தெரியலீங்க"ன்னாரு. அப்பறம் நானும் பாத்தேன். ஒரு வேன் வந்து நிக்குது, குண்டா ஒரு குடும்பம் எறங்கி லாட்ஜுக்குள்ள மூட்டைய எறக்கிட்டு இருக்குது.

அதோட சரி. அதுக்கப்பறம் பதினோரு எடம் ஏறி எறங்குனோம். ஃபுல்லு. எங்க போனாலும் அந்த ஒரு வார்த்தை. அதுக்கு ஹிந்தியே தேவைப்படலை. ஒரு எடத்துல வாசல்ல நிக்கறப்பவே கைய ஆட்டிட்டான். ஒரு எடத்துல மொட்டை மாடியில பாயி போட்டுத் தரட்டுமான்னு கேட்டான், சம்பூர்ணம் பாத்த பார்வையில அவனே உள்ள போயிட்டான். வழி நெடுக முக்குக்கு முக்கு காயிதத்துலயும் வைக்கோல்லயும் ஆள் ஒசரத்துக்கு மேல நரகாசுரன் செஞ்சு நிறுத்தி வச்சிருக்கறாங்க. தீபாவளியன்னிக்கு வெடிய அதக் கொளுத்துவாங்களாம். இந்த ஊர்ல நரகாசுரனுக்குக் கூட ஒவ்வொரு தெருவுலயும் எடம் இருக்குது, என்ற குடும்பத்துக்கு இல்லையேன்னு நெனைச்சேன்.

நடுவுல மாப்ள ஒருக்கா, "மாமா, அந்த சர்ச்சுக்குப் பொறத்தால ஒரு தெரு இருக்குதுங்க, அக்கட்டப் போய்ப் பாக்கலாமுங்களா"ன்னாரு. சர்ச்சு மேட்டு மேல இருக்குது, அத்தனை படி. அங்கெல்லாம் வெல எச்சா இருக்கும் மாப்ளன்னேன். இன்னொருக்காவும் கேட்டாரு. அப்பறம் இன்னொருக்கா. பாவம், சர்ச்சு பாக்க ஆசைப்படறாராட்ட இருக்குதுன்னு நெனைச்சு, ரூம் கெடைக்கட்டும், சாயந்தரம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வச்சேன்.

பன்னெண்டாவது எடத்துலதான் விசயம் தெரிஞ்சுது. சமையலுக்கு நம்மாளு ஒருத்தரு, திண்டுக்கல்லுக்காரரு, நாங்க பேசறதக் கேட்டு அடுப்படியில இருந்து வந்தாரு. அவரு சொன்னாரு. "அண்ணாச்சி, தீபாவளிக்கு வந்துட்டு ரூம் கேட்டா எப்படி? வடக்கத்தி ஆளுகளுக்கு இன்னக்கி நாளைக்கித்தான் லட்சுமி பூசை. இந்த நேரத்துல சூதாடுனா வருசம் பூராம் காசு வரும்னு அவங்களுக்கு ஒரு ஐதீகம். குடும்பம் குடும்பமா வந்து எறங்கீருவாங்க. ஆவணியிலயே அத்தனை ரூமும் போயிரும்ணே."

நம்மூர்ல தீபாவளின்னா ஊட்டுக்குள்ள இருக்கோணும், அவங்களுக்கு ஊட்ட உட்டுக் கெளம்போணும். ஒரே பண்டிகை, இப்படியா தலைகீழா இருக்கும்? இதப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல? ஆத்தங்கரையில ஒரு மரத்தடியில சிமெண்டு பெஞ்சு இருந்துச்சு, சம்பூர்ணம் அதுல போய் உக்காந்தா. கட்டுச்சோத்தப் பிரிச்சு மாப்ளைக்கு மொதல்ல வச்சா. அப்பறம் என்ற மொகத்தப் பாக்காமயே, "விடியறதுக்குள்ளங்க"ன்னா.

எதுத்தாப்லதான் கப்பலு நிக்குது. பகல்ல பாத்தா அப்படி ஒண்ணும் மினுக்கலைங்க. கரையில டிக்கெட்டு குடுக்கற எடம் இருந்துச்சு. வெயிலுக்கு ஒதுங்கலாம்னு போனேன். சத்தியமா ஒதுங்கத்தான் போனேன். அங்க ஒருத்தன் பெங்களூர்ல வேலை பாத்தவனாம், தமிழு கொஞ்சம் பேசறான். ரூம் இல்லாம சங்கடப்படறோம் தம்பின்னேன். அவன் சொன்னான், "நல்லா ஆடற கஸ்டமருக்குக் கம்பெனியே ரூம் குடுக்கும் சார், எப்பவும் ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சிருப்பாங்க."

இப்பச் சொல்லுங்க தம்பி. ஊர்ல எங்கயும் ரூமில்லை. ஒரே ஒரு எடத்துல இருக்குது, ஆடுனாத்தான் குடுப்பான். மாப்ள தலையில எண்ணெ வைக்கறதுக்கு ரூம் புடிக்கறது என்ற பொறுப்பு. நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்?

ஓட்டமா பெஞ்சுக்கு வந்து, ரூமுக்கு வழி பண்ணிட்டேன், அரை மணி நேரம் இருங்கன்னேன். மாப்ளைய வாங்கன்னு கூப்புட்டேன். அவருக்காகத்தான இத்தனை தூரம் வந்ததே. "பொம்பளைங்க தனியா இருக்காங்க மாமா, நான் இங்கேயே இருக்கறனுங்க"ன்னாரு. ரெண்டு தடவ கூப்புட்டும் வரலை. சரி, அவரு ஆசைப்பட்டது வீணாப் போகப்படாது, அவருக்குப் பதிலா நாமளாவது பாத்துட்டு வருவோம்னு படகுல ஏறிட்டேன்.

உள்ள குளுகுளுன்னு இருந்துச்சுங்க. காலையில இருந்து வெயில்ல நடந்தவனுக்கு எப்படி இருக்கும்? நம்பரு போட்டு, குண்டு உருட்டி உடற சூதாட்டச் சக்கரத்துக்கிட்ட போய் நின்னேன். எந்த நம்பர்ல வைக்கறதுன்னு ரோசனை பண்ணறப்ப, கைய உட்டுப் போன பதினாலாம் நம்பர் ரூமு ஞாபகம் வந்துச்சு. பதினாலுல வச்சேன். சக்கரம் சுத்துச்சு, குண்டு ஓடுச்சு, பதினாலுலயே உழுந்துச்சு. மேசையில இருந்தவங்க எல்லாம் என்னையப் பாத்தாங்க. பக்கத்துல இருந்த ஒரு சேட்டு கை குடுத்தாரு. முப்பது வருசத்துல மண்டியில ஒருத்தரும் எனக்குக் கை குடுத்ததில்லை.

அப்ப எந்திரிச்சிருக்கோணும். நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியுது, எங்கூட்டுலயும் அதத்தான் கேட்டாங்க. நான் எந்திரிக்கலாம்னுதான் நெனைச்சேன். அங்க கோட்டுப் போட்டுட்டு நின்னவனக் கூப்புட்டு, ரூம் குடுத்துருவீங்களான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஆடோணும் சார்னான். சரின்னு ஆடினேன். அப்பறம் கேட்டேன். இன்னும் கொஞ்சம் சார்னான். ரூமுக்காகத்தானுங்க ஆடினேன். பதினாலு மறுக்கா வரவே இல்லை. வராதத வர வைக்கோணும்னு ஒரு புடிவாதம் வந்திருச்சு பாருங்க, அதுக்கப்பறம் ரூம் ஞாபகமே இல்லை. பொய் சொல்லக்கூடாது. ஒரு நேரத்துல கோகிலா ஞாபகமும் இல்லை, மாப்ள ஞாபகமும் இல்லை, நான் எதுக்கு வந்தேன்னே ஞாபகமில்லை. நடுவுல ஒருத்தன் தட்டுல வறுத்த கோழி கொண்டாந்து வச்சான், சக்கரத்தப் பாத்துட்டே தின்னேன். தின்னு முடிச்சுக் கையத் தொடைக்கறப்பதான் பெஞ்சுல புளிச்சோறு திங்கறாங்களேன்னு நெனைப்பு வந்துச்சு. அப்பக் கூட எந்திரிக்கலை.

ரூமுக்குன்னு வச்சிருந்தது எல்லாம் போனப்பறம்தான் எந்திரிச்சேன். மாப்ளைக்குப் போடோணும்னு சம்பூர்ணம் தனியா வாங்கியாந்த மோதரம் அவ சுருக்குப்பையில இருந்துச்சு, அதனால தப்பிச்சுது. கோட்டுக்காரன் அப்பவும் சிரிச்ச மொகமா, அடுத்த தடவ வாங்க சார், கண்டிப்பா ரூம் குடுக்கறோம்னான்.

கரைக்கு வந்தப்ப வெளக்குப் போட்டுட்டாங்க. அரை மணி நேரம்னு சொல்லிட்டுப் போனவன், அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. ஓடிப் போய்ப் பாத்தா பெஞ்சு காலி. ஒரு பை இல்லை, ஒரு டின்னு இல்லை. கோவிச்சுட்டு ஊருக்கே கெளம்பிட்டாங்கன்னு நெனைச்சேன். என்ற மகள் வாழ்க்கைய என்ற கையாலயே கெடுத்துட்டேன்னு நெனைச்சேன். தலை தீபாவளிக்குக் கூட்டியாந்து மாப்ளைய மரத்தடியில உக்கார வச்சவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன், அதுக்கு மேல சம்பந்தி ஊட்டுல என்ன பேச வேண்டியிருக்குது?

மேசைகிட்டப் போன் பேசப்படாதுன்னு சத்தத்த அமத்தி வச்சிருந்தேன். எடுத்துப் பாத்தேன். மாப்ள ஒரே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாரு. ஒரு எடத்தோட பேரு, சர்ச்சுக்குப் பொறத்தாலன்னு அடையாளம், கீழ "மாமா, பொறுமையா வாங்க." நான் படகுல ஏறுன அரை மணி நேரத்துல அனுப்புனது.

அந்தப் படியில ஏறுனேன் பாருங்க, ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு ஏறுனேன். ஊடு மாதிரிதான் இருந்துச்சு, மஞ்சள் சுண்ணாம்பு அடிச்ச பழைய ஊடு. கீழ அந்த ஊட்டுக்குச் சொந்தக்காரம்மா இருக்குது, மேல நாலு ரூமு. அதுல ரெண்டு எங்களுது. மாப்ள ஆவணியிலயே போன்ல போட்டு வச்சிருக்கறாரு. மாமா அங்க போய் நல்லதா ஒண்ணு புடிச்சுட்டா இத வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருந்திருக்கறாரு. ஏன் மாப்ள, காலையிலயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். கோகிலாதான் சொன்னா.

"காலையில இருந்து மூணு தடவ சர்ச்சுக்குப் பொறத்தால போலாம்னு கூப்புட்டாருப்பா. நேரா சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமாம்." சொல்லிட்டு அதோட நிறுத்தலைங்க. "அவரு கோவா பாக்கோணும்னு எப்பப்பா சொன்னாரு? டிவியில பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. அவ்வளவுதான சொன்னாரு?"

அவ்வளவுதான் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி ஒரு ரூமுல பொம்பளைங்க, ஒரு ரூமுல நானும் மாப்ளையும். தலை தீபாவளிக்கு வந்த புது மாப்ள மாமனார் கூடப் படுத்து எந்திரிச்சாரு. ஏன்னா சம்பூர்ணம் என்கூட ஒரே ரூமுல இருக்க மாட்டேன்னுட்டா.

வெடியக் காலையில சம்பூர்ணம் கீழ போய் அந்தம்மா அடுப்புலயே வெத்தலையும் மொளகும் போட்டு எண்ணெ காச்சிட்டு வந்தா. எந்தப் பாஷையில கேட்டான்னு தெரியலை. மாப்ளையக் கெழக்கப் பாத்து உக்கார வச்சு, மூணு சொட்டு வச்சு, தலை நெறையத் தேச்சா. அப்பறம் கோகிலாவுக்கு. அப்பறம் கிண்ணத்த அப்படியே தரையில வச்சுட்டு, சுடுதண்ணி பாக்கப் போயிட்டா. முப்பது வருசமா தீபாவளிக்கு என்ற தலையில எண்ணெ வச்சவ, நான் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கறதப் பாத்துட்டேதான் போனா.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கீழ தெரு முக்குல நரகாசுரனக் கொளுத்தறாங்க, பசங்க கத்தறாங்க, வெடி வெடிக்குது. பின்னால, "மாமா, உக்காருங்க"ன்னு சத்தம். பாத்தா மாப்ள. காதோரத்துல எண்ணெ வழியுது, கையில அந்தக் கிண்ணம். வேண்டாம் மாப்ள, மொறையில்லைன்னேன். "உக்காருங்க மாமா"ன்னாரு மறுபடியும். உக்காந்தேன். மூணு சொட்டு வச்சு, உச்சந்தலையில மெல்லத் தேச்சு உட்டாருங்க. நான் அழுதுட்டேன். எண்ணெ கண்ணுல போயிருச்சு மாப்ளன்னு சொன்னேன். சரிங்க மாமான்னாரு.

அப்பப் பாத்தா தலை தீபாவளி எனக்குத்தான நடந்திருக்குது?

அதுல இருந்து மூணு வருசமா தீபாவளிக்கு அவங்க எங்கூட்டுக்கு வர்றதில்லைங்க. நாங்கதான் மாப்ள ஊட்டுக்குப் போறோம். மாப்ளதான் அப்படி ஏற்பாடு பண்ணிட்டாரு. சம்பூர்ணம் நாலு நாளைக்கு முன்னாடியே போயிட்டா, மண்டியில வேலை இருந்ததால நான் இன்னைக்குப் போறேன். ஊர்ல எந்த மாமனாவது தீபாவளிக்கு மாப்ள ஊட்டுல போய் உக்காருவானா? எனக்கு அது ஒரு கொறைதான். ஆனா பாசமான மனுசனுங்க. ஈரோட்டுல ஏறுனதுல இருந்து ரெண்டு தடவ கூப்புட்டுட்டாரு, எங்க வர்றீங்க மாமா, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு. மத்த நாள்ல இப்படிக் கேக்க மாட்டாரு. தீபாவளி வந்தாத்தான் இந்த அக்கறை.

உங்க போன்ல ஏதோ வந்துச்சு பாருங்க. என்ன, ரூம் கெடைச்சிருச்சா? பரவால்லையே, உங்க சேக்காளி கெட்டிக்காரருதான். எத்தனை ரூமு? ரெண்டா? நீங்க மூணு பேருன்னுதான சொன்னீங்க. ஒரு ரூமுக்கு ரெண்டு கட்டிலு போட்டிருப்பான். அப்ப ஒரு கட்டிலு சும்மாதான் கெடக்கும். எத்தனை மணிக்குங்க வண்டி? இல்ல, சும்மா கேட்டேன். புதுசாப் போறீங்க, எடம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருந்தா உங்களுக்கும் நல்லதுதான. நான் ஆடவெல்லாம் மாட்டேன். ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு, மறுநாளே திரும்பிருவேன். அந்தக் கட்டிலுக்கு என்ன உண்டோ அதக் குடுத்தர்றேன். பேரம் பேச மாட்டேன்.

ஒரு நிமிசம் இருங்க. மாப்ளதான். சொல்லுங்க மாப்ள. செங்கப்பள்ளி தாண்டிட்டனுங்க. ஆமா, எடம் கெடைச்சுது, உக்காந்துதான் வர்றேன். பக்கத்துல ஒரு தம்பிங்க, நல்ல தம்பி, பேசிட்டே வர்றோம். கோவாவுக்குப் போறாராமா. ஏனுங்க மாப்ள? கேக்குதுங்களா? எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? சரிங்க. சரிங்க மாப்ள.

முன்னமே அவிநாசிக்கு வந்து நிக்கறாராம். இந்த பஸ்சுலயே ஏறிக்கறாராம். போன வருசமும் இப்படித்தான் பாதி வழியில வந்து ஏறுனாரு. எனக்கு அப்பத் தெரியலைங்க, எதுக்குன்னு.

தம்பி, கொஞ்சம் நகந்து உக்காருங்க, அவரு ஏறுனா நடுவுல உக்காரட்டும். கட்டில் கேட்டத மட்டும் அவருகிட்டச் சொல்லிராதீங்க.